சிந்துவெளிக் கலைச்சொற்களின் தமிழாக்கம்: ஒரு மதிப்பீடு

அகழாய்வில் கிடைக்கும் பொருள் பேசுவதில்லை; ஆய்வாளர் இடும் பெயரே அதனைப் பேசவைக்கிறது. அப்பெயர் பிறிதொரு மொழிக்குச் செல்லுங்கால், கருதுகோள் உண்மையாக உறைந்துவிடும் இடர் உண்டு. 1924ஆம் ஆண்டில் ஜான் மார்ஷல் உலகிற்கு அறிவித்த நாகரிகத்தைப் பற்றிய தமிழ் நூல்களில் இவ்விடர் நேர்ந்துள்ள முறையை நான்கு சொற்களின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

1. சிந்து சமவெளி: ஆங்கில மூலச்சொல் ஆறு பாயும் தாழ்நிலத்தைக் குறிப்பது. ‘பள்ளத்தாக்கு’ என்பது மலையிடை நிலத்தை நினைவூட்டுமாதலின் ‘சமவெளி’ பொருத்தமாகத் தோன்றலாம். ஆயின் அந்நாகரிகத்தின் பரப்பு இச்சொல்லுள் அடங்காது. தோலாவிரா, கட்ச் ரண் பகுதியின் காதிர் தீவில், மான்சர், மன்ஹர் என்னும் இரு பருவகால ஓடைகளுக்கிடையே அமைந்தது. அதன் பெரும் நீர்த்தேக்கங்கள் வறண்ட நிலத்தில் வாழ்ந்தோரின் திட்டமிடலைக் காட்டுவன. ஷார்ட்டுகை, வட ஆப்கானிஸ்தானில் ஆமு தாரியாவை ஒட்டியது. காலிபங்கனோ கக்கர் ஆற்றங்கரையது. ‘சிந்துவெளி’ என்பது நிலத்தின் சமத்தன்மையை வலியுறுத்தாமையின் ஓரளவு நெகிழ்வுடையது. முதலில் அகழப்பட்ட ஊரின் பெயரால் வழங்கும் ‘ஹரப்பா நாகரிகம்’ புவியியல் எல்லை எதனையும் விதிக்காமையின் மேலும் பாதுகாப்பானது.

2. பெருங்குளம்: மொகஞ்சதாரோவின் இக்கட்டுமானம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் கொண்ட செங்கல் தொட்டி. நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசப்பெற்றது. தமிழில் ‘குளம்’ என்றதும் பாசனக் குளமோ கோயில் குளமோ மனத்தில் எழும். முன்னது அளவைப் பிழைபடக் காட்டும். பின்னது சமயப் பயன்பாட்டைச் சான்றின்றி நிறுவிவிடும்.

3. தானியக் களஞ்சியம்: அதே நகரின் மற்றொரு கட்டடத்திற்கு மார்ட்டிமர் வீலர் தந்த விளக்கம் இது. தானியம் சேமிக்கப்பட்டதற்கான நேரடிச் சான்று அங்கு இல்லை எனப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்துள்ளனர். ஆயினும் தமிழ்ப் பாடங்களில் இச்சொல் ஐயக்குறிப்பின்றியே வழங்குகிறது.

4. பூசாரி அரசன்: 17.5 சென்டிமீட்டர் உயரமுள்ள மாக்கல் சிற்பத்தின் பெயர். கோயில் என்றோ அரண்மனை என்றோ ஐயமின்றி நிறுவப்பெற்ற கட்டடம் எதுவும் அந்நகரில் இல்லை. ஆங்கில ஆய்வாளர் பலர் இப்பெயரை மேற்கோள் குறிக்குள் இடுகின்றனர். தமிழாக்கத்தில் அக்குறி உதிரும்போது ஐயமும் உடன் உதிர்ந்துவிடுகிறது.

இது சொல்லழகு பற்றிய வழக்கன்று. எழுத்துகள் இன்னும் ஒருமனதாகப் படிக்கப்படவில்லை. பூசாரியும் அரசனும் இருந்தனர் என முன்னரே ஏற்போர், முத்திரைகளில் கடவுட் பெயரையும் பட்டத்தையும் தேடுவர். கிடைத்ததாகக் கருதுவதை அம்முடிவிற்கே சான்றாகவும் காட்டுவர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த நழுவல் இவ்வாறு மொழியியல் வாதத்தின் அடித்தளமாக மாறுகிறது.

எனவே இருநிலைக் கலைச்சொல் முறை தேவை. வடிவத்தை மட்டும் உரைக்கும் ‘செங்கல் தொட்டி’, ‘மேடைக் கட்டடம்’, ‘தாடியுடைய ஆண் சிற்பம்’ போன்ற சொற்கள் முதன்மைச் சொற்களாக அமைதல் வேண்டும். விளக்கப் பெயர்களை, அவற்றை முன்மொழிந்தவர் பெயருடன், மேற்கோள் குறிக்குள் தருதல் தகும்.

அக்காடிய உருளை முத்திரை ஒன்று ஷு-இலிஷு என்பவரை மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர் எனக் குறிக்கிறது. மெலுஹா சிந்துப் பகுதியே என்பது பெரும்பாலோர் கருத்து. அம்மொழியை அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அன்று இருந்தார். அறியாத நாம் அறிந்தோர்போல் பெயரிடுதல் முறையாகாது.