கூழை மறந்த பேய்கள்

சென்ற ஆடியில் ஒரு சனிக்கிழமை இரவு, அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து அம்மன் கோயிலொன்றின் மெல்லிசைக் கச்சேரியில், விளக்குகளை அணைத்து, வெள்ளைப் புடவை உடுத்த பெண்ணொருத்தியை மெழுகுவர்த்தியும் கையுமாக நடக்கவிட்டு, ‘யார் நீ’ படப் பாட்டைப் பாடிய குழுவினர், அறுபதுகளின் பேய்ப் பாட்டுகளுக்கு ஈடான கற்பனை தமிழில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று பிரகடனமும் செய்தார்கள். பின்னதைப் பற்றி எனக்கு வழக்கில்லை.

சுசீலாவின் குரலில் குறை காண எவரால் முடியும்? ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தில் விசுவநாதனும் ராமமூர்த்தியும் ஒரு மெட்டைக் கொண்டே ஜன்மாந்தர ஞாபகத்தை எழுப்பியதையும் ஒப்புக்கொள்கிறேன். ‘யார் நீ’யின் (1966) மெட்டு, இந்தியில் மதன்மோகன் அமைத்ததை வேதா தமிழுக்குக் கொணர்ந்தது என்பதும் பெரிய குற்றமன்று.

என் நெடுநாளைய ஆட்சேபம் வேறு: இப்பாட்டுகளில் பேயே இல்லை. மூடுபனியையும் எதிரொலியையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது விரகதாபத்தில் வாடும் நாயகியின் சோககீதம்தான். ‘யார் நீ’யின் கடைசி ரீலில் எல்லாம் மனிதர் செய்த சூழ்ச்சியென்று வெளிப்படும்போது எனக்கு வியப்பே எழுவதில்லை, அவள் எந்த ரீலில் பேயாகப் பாடினாள்? பயானகம் இருக்கவேண்டிய பீடத்தில் சோகத்தை அமர்த்தி, பயத்தோடு கூடப் பிறந்த ஹாஸ்யத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் வரும் பேய்களோ, போர்க்களத்து யானைத் தந்தத்தால் பல் துலக்கி, முரசை உரலாக்கிக் குத்தி, குத்தும்போதே சோழனைப் பாடி, சமைத்த கூழைக் குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பங்கிட்டு உண்ணும் பேய்கள். படிப்பவன் நடுங்கிக்கொண்டே சிரிக்கிறான். பரணியைக் கேள்விப்பட்டிராத அமெரிக்காவில், 1962இல், பாபி பிக்கெட் என்பவர் போரிஸ் கார்லாஃபின் குரலைப் பாவனை செய்து, அசுரக் கூட்டத்தை ஆடவிட்ட இசைத்தட்டு இந்த விஷயத்தில் நம் வெள்ளைப் புடவையைவிட ஜயங்கொண்டாருக்கு நெருங்கிய உறவு என்றால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நம்மவருக்கு இயலாததுமன்று. 1957இல் ‘மாயா பஜா’ரில் ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தை விழுங்கிக்கொண்டு பாடியபோது, திருச்சி லோகநாதனின் குரலில் ராட்சசப் பசியும் குழந்தைச் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. அந்த வழியைப் பின்வந்தவர் தொடரவில்லை. ‘பட்டணத்தில் பூதம்’ (1967) ஜாவர் சீதாராமனைப் பூதமாகவே கொண்டிருந்தும், அதில் நிலைத்த பாட்டு காதலிக்குரியது. பூதத்துக்கு மிஞ்சியது ‘ஜீபூம்பா’ என்னும் ஒரு சொல். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் கட்டத்தில்தான் இரு ரசங்களும் கைகோத்தன, அங்கே பாட்டே கிடையாது.

அன்றிரவு மெழுகுவர்த்தி அணைந்து விளக்குகள் வந்தபோது, மேடைக்குப் பின்னால் மறுநாள் ஊற்றுவதற்கான கேழ்வரகுக் கூழ் பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது; துடுப்பைப் பிடித்துத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள், புகையில் கண் கலங்க, ஏதோ கேலி பேசி உரக்கச் சிரித்தார்கள்.