மெதுவான மருந்து, நியாயமான மருந்து: அஸெலாயிக் ஆசிட் ஒரு நேரடி அலசல்

10, 15, 20. அஸெலாயிக் ஆசிட் வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த மூன்று சதவீதங்களில் தனக்கு எது என்பதைத்தான். 10 சதவீதம், சீரம், க்ரீம் என்ற பெயர்களில் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்லைனில் கிடைக்கிறது. ஜெய்ப்பூரின் மினிமலிஸ்ட், கனடாவின் தி ஆர்டினரி எல்லாம் இந்த ரகம். பெங்களூரு மைக்ரோ லேப்ஸின் அஸிடெர்ம் போன்ற ட்யூப்கள் மெடிக்கல் ஷாப் சரக்கு; அவற்றில் 20 சதவீதம் வரை உண்டு. 15 சதவீதம் பெரும்பாலும் ஜெல்லாக வரும்.

பரு, சிவத்தல், பரு ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்பு, கன்னத்து மங்கு என்று இத்தனை வேலைகளையும் ஒரே மருந்து பார்க்கும் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தைவிடக் கடினமான களம் கிடைக்காது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் நாள் முழுக்க வடியும் வியர்வை, பஃபிங் மெஷினிலிருந்து பறக்கும் தூசி, பசை வாடை, பைக் பயணத்தில் ஹெல்மெட் பட்டையின் உரசல். ஏ.சி. அறையில் எழுதப்பட்ட சருமக் குறிப்புகள் பாதி இங்கே எடுபடாது.

தேமலில் கிடைத்த துப்பு

அஸெலாயிக் ஆசிட் ஒன்பது கார்பன் கொண்ட அமிலம். கோதுமை, பார்லி தானியங்களில் இயற்கையாகவே இருக்கிறது. மருந்துக்கும் தொழிற்சாலைக்கும் வேண்டியதை ஓலியிக் அமிலத்தை ஓசோன் கொண்டு பிளந்து தயாரிக்கிறார்கள். மருந்தாக அது அறிமுகமான கதை தேமலில் தொடங்குகிறது. முதுகிலும் மார்பிலும் வெளுத்த திட்டுகளாகப் படரும் தேமலுக்குக் காரணம் ஒருவகை ஈஸ்ட். அந்த இடத்தில் மட்டும் ஏன் நிறம் குறைகிறது என்று 1970-களில் ரோம் நகரில் ஆராய்ந்தவர்கள் மார்செல்லா நஸ்ஸாரோ-போர்ரோவும் சீரோ பாஸ்ஸியும். ஈஸ்ட் உண்டாக்கும் சில அமிலங்கள், நிறமியைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன என்று 1978-இல் எழுதினார்கள். அந்த அமிலங்களில் ஒன்றுதான் அஸெலாயிக். நிறப் பிரச்சினைக்காகப் பூசியபோது பருவும் அடங்குவதைக் கவனித்தார்கள். பருவுக்கான ஆய்வு 1983-இல் வெளியானது. அமெரிக்காவில் 20 சதவீத க்ரீமுக்குப் பரு மருந்தாக 1995-இலும், 15 சதவீத ஜெல்லுக்கு ரோசேஷியா என்னும் முகச்சிவப்பு நோய் மருந்தாக 2002-இலும் அனுமதி கிடைத்தது.

பல வேலைகளை ஒரே மருந்து எப்படிப் பார்க்கிறது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பருவில் பங்குள்ள கிருமிகளை அது அடக்குகிறது. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் அடைத்துக்கொள்வதைக் குறைக்கிறது. வீக்கத்தைத் தணிக்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்களை மட்டுப்படுத்துகிறது. இயல்பான நிறத்தில் இருக்கும் தோலில் அதன் தாக்கம் மிகக் குறைவு. ஆகவே இது சிவப்பழகு க்ரீம் இல்லை. பிறந்த நிறத்தை மாற்றத் தேடுபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பூசிப் பார்த்தால்

20 சதவீத க்ரீம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். விரலால் தேய்க்கும்போது சில தயாரிப்புகளில் மெல்லிய நறநறப்பு தெரியும். காரணம் எளிது: இந்த அமிலம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் நுண்ணிய துகள்களாகவே க்ரீமில் மிதக்கிறது. மாநிறத் தோலில் முதல் சில நிமிடங்கள் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், பிறகு மறையும். மத்தியான வியர்வையில் இதன் கனம் உறுத்தும்.

ஜெல் இந்த ஊருக்குப் பொருத்தம். சீக்கிரம் காய்கிறது, பிசுக்கு இல்லை. எண் சிறியது என்பதால் வலுவும் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. 20 சதவீத க்ரீமைவிட 15 சதவீத ஜெல்லிலிருந்தே தோலுக்குள் மருந்து அதிகம் இறங்குகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 10 சதவீத ரகங்களில் சிலிக்கோன் கலந்தவை வழுவழுப்பாக இருக்கும். ஆனால் அதன் மேல் சன்ஸ்க்ரீன் தேய்த்தால் அழுக்கு உருள்வது போலத் திரண்டு வரும். சன்ஸ்க்ரீனுக்கு முன் கொஞ்ச நேரம் காயவிட்டால் இது பெரும்பாலும் குறையும்.

பூசிய சில நிமிடங்களில் சுருக்கென்று குத்தும், அரிக்கும். அஸெலாயிக்கை முதல்முறை தொடுபவர்கள் பலர் ட்யூபைத் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். முகம் கழுவிய ஈரத்தோடு பூசினால் குத்தல் கூடும். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு பூசுவதும், முதல் இரண்டு வாரம் இரவில் மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்குவதும் பெரும்பாலோருக்குக் கைகொடுக்கும். தோல் பழகியதும் காலை, இரவு என்று இரண்டு வேளை. முகம் சிவந்து, தோல் உரிந்து, எரிச்சல் மணிக்கணக்கில் நின்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் கூடியதாக அரிதாகப் பதிவுகள் உண்டு. தூசிப் பிரிவில் வேலை பார்த்து ஏற்கெனவே இழுப்பு இருப்பவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகத்துக்கு வேளைக்கு அவ்வளவு என்று இரண்டு வேளை பூசினால் 15 கிராம் ட்யூப் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஆறு ட்யூப். சம்பளக் கவரிலிருந்து எடுக்க வேண்டியவர்கள் தொடங்கும் முன்பே இதை யோசித்துக்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் அதுவரை போட்ட காசும் வீண்.

எதற்கு எவ்வளவு மார்க்?

பருவுக்கு நல்ல மார்க். லேசான, நடுத்தரப் பருவில் 20 சதவீத க்ரீம், 5 சதவீத பென்சாயில் பெராக்சைடுக்கு ஈடாகவே ஆய்வுகளில் நின்றிருக்கிறது. பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கச் செய்துவிடும். அஸெலாயிக்கில் அந்தத் தொல்லை இல்லை. நான்கு வாரத்தில் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். கட்டியாக, ஆழமாக, தழும்பு விடும் பருவுக்கு இது மட்டும் போதாது.

கறுப்புக்கும் மங்குக்கும் இதன் மார்க் பலரை ஆச்சரியப்படுத்தும். மங்கு இருந்த 329 பெண்களிடம் 24 வாரம் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், 20 சதவீத அஸெலாயிக்கும், நிறத்திட்டைக் குறைக்கப் பூசும் 4 சதவீத ஹைட்ரோகுவினோனும் மோதின. அஸெலாயிக் பூசியவர்களில் 65 சதவீதம் பேருக்கு நல்ல பலன். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் நீலங்கலந்த கறுப்பாக மாறும் ஆபத்து உண்டு. அஸெலாயிக்குக்கு அந்தப் பழி கிடையாது. மங்கு அதிகம் தலைகாட்டும் கர்ப்ப காலத்தில் ஹைட்ரோகுவினோனையும் ரெட்டினாய்டுகளையும் டாக்டர்கள் தவிர்ப்பார்கள். அப்போதும் கையில் எடுக்கக்கூடிய மிகச் சில மருந்துகளில் இது ஒன்று. பூசுவதில் சுமார் 4 சதவீதம்தான் உடலுக்குள் போகிறது.

இங்கே ஒரு கண்டிப்பான நிபந்தனை: சன்ஸ்க்ரீன் இல்லாமல் மங்கு குறையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் மங்கைத் தூண்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்க்ரீன்கள் இதற்கு மேலானவை.

சிவப்பு விஷயம் கொஞ்சம் சிக்கல். மாநிற முகத்தில் ரோசேஷியா பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது. கன்னம் காந்தும், குத்தும், மூக்கைச் சுற்றிப் பரு மாதிரி பொரியும். வெயில், சூடான டீ, காரம் எல்லாம் அதைக் கிளப்பும். ஆம்பூர் பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிட்ட பிறகு முகம் எரிகிறது என்பவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த நோயின் பொரிப்புக்கு 15 சதவீத ஜெல் நன்றாகக் கேட்கும். ஆனால் நம் ஊரில் சிவந்த முகங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறு ஒரு ட்யூப் இருக்கும்.

அந்த இன்னொரு ட்யூப்

“பரு போகணும், கலரும் வரணும்” என்று கேட்பவருக்குக் கவுன்ட்டரிலிருந்தே நீட்டப்படும் கலவை க்ரீம்தான் அது. மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்தது. ஒரே வாரத்தில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, மீசை முளைத்து, பரு மொத்தமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். நாட்டின் பல நகரங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருபவர்கள், அஸெலாயிக்கை நேராக எரியும் முகத்தில் போடாமல், டாக்டர் சொல்லும் வரிசையில்தான் போக வேண்டும்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முகத்தில் தெரியும் ஒவ்வொரு நிற மாற்றமும் இந்த ட்யூபுக்கான வேலை இல்லை. குரோமியம் அலர்ஜி, தோல் பதனிடுபவர்கள் நெடுநாளாக அறிந்தது. ஷூ ஒட்டும் பசையில் சேரும் ஒருவகை ஃபீனால் பிசின் அரிப்புப் புண்ணையும் உண்டாக்கும், வெண்திட்டையும் உண்டாக்கும். 1939-இல் அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் கையுறை போட்ட தொழிலாளர்களுக்குக் கையில் நிறம் போனது. கையுறை ரப்பரில் கலந்திருந்த மோனோபென்சோன் என்ற பொருளே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அது ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவு. வேலைக்கு வந்த பிறகு தோன்றிய திட்டு, லீவில் குறைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பசையையும் கையுறையையும்தான். பசை பட்ட கையோடு முகத்தைத் தொடாமல் இருப்பதும், ஷிஃப்ட் முடிந்து முகம் கழுவிய பிறகு மருந்து பூசுவதும் அடிப்படை.

வெளுத்தோ சிவந்தோ இருக்கும் திட்டில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் எந்த க்ரீமும் வேண்டாம். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். 1955-இலிருந்து தொழுநோய்க்குச் சிகிச்சை தந்துவரும் கரிகிரி மருத்துவமனை வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ப்ளஸ்: பரு, கறுப்பு இரண்டையும் ஒரே பூச்சில் பார்க்கிறது. பகலிலும் பூசலாம். கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் ஆலோசனையோடு ஆகும். கிருமிகள் இதற்குப் பழகிப்போவது பெரிய பிரச்சினையாக இல்லை. நீண்ட நாள் பூசத் தகுந்தது.

மைனஸ்: தொடக்க எரிச்சல். மெதுவான பலன். சின்ன ட்யூப், தொடர் செலவு. கறுத்த தோலில் சுற்றுப்புறம் வெளுக்கிறதா என்று அவ்வப்போது கவனிக்க வேண்டும்; அமெரிக்காவில் மருந்தோடு வரும் விளக்கக் குறிப்பே அப்படி எச்சரிக்கிறது.

தீர்ப்பு: லேசான பருவும் அதன் கறுப்பும் மட்டும் இருப்பவர்கள் 10 சதவீதத்தில் தொடங்கலாம். மங்கு என்றால் டாக்டர் சீட்டோடு 20, எண்ணெய் வழியும் முகத்துக்கும் எரியும் சிவப்புக்கும் 15 சதவீத ஜெல். எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், ஸ்க்ரப் மூன்றையும் அதே முகத்திலிருந்து தள்ளி வையுங்கள். பருவுக்கு மூன்று மாதம், மங்குக்கு ஆறு மாதம் கொடுக்க முடியும் என்றால் வாங்குங்கள். அடுத்த வாரக் கல்யாணத்துக்காக என்றால் இந்த ட்யூப் உங்களுக்கு உதவாது.