திரும்பாத இடுப்பு

கபடிக் களத்தில் நம் ரைடரின் மூன்றாவது ரைடு. முந்தைய இரண்டிலும் வெறுங்கையோடு வந்தாயிற்று; இதிலும் புள்ளி வராவிட்டால் வெளியே உட்கார வேண்டும். எதிரணியின் வலது கார்னர் தடுப்பாளன் கணுக்காலைக் கவ்விவிட்டான். நம்மவர் உதறித் திரும்பவில்லை. பிடித்தவனையும் சேர்த்து நடுக்கோட்டுக்கு இழுத்து வருகிறார். "என்னா பவரு பாத்தியா!" என்று காலரி அதிர்கிறது.

எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் இதே ரைடரை மண் களத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கார்னரின் தோள் இறங்கும்போதே இவர் இடுப்பு திரும்பிவிடும்; பிடிக்கப் போனால் அங்கே கால் இருக்காது. இன்று எடை 85 கிலோ வரம்பை உரசுகிறது, திருப்பம் அரை நொடி பிந்துகிறது. பிந்துவதால் பிடி விழுகிறது, பிடி விழுவதால் இழுக்கிறார். அந்த இழுப்புக்குத்தான் நாம் கைதட்டுகிறோம்.

பெயர் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு அவரே சொன்னார்: ஜிம்மில் ஒருவர் போட்டுவிட்ட நாண்ட்ரோலோன் ஊசி, கூடவே ஸ்டானோசோலால் மாத்திரை; இரண்டும் ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டுகள். தசை சில வாரங்களில் பருத்துவிடும். அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு; அது அந்த வேகத்தில் பலப்படாது. பழைய வடத்தில் புதுத்தேரை இழுக்கிற கதைதான். ஒவ்வொரு இழுப்பிலும் நான் அவர் குதிகாலையும் முழங்காலையும்தான் பார்க்கிறேன்.

காலரிக்குத் தெரியாத சேதம் நெஞ்சுக்குள் நடக்கிறது. நல்ல கொழுப்பு சரியும், கெட்டது ஏறும். சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடிக்கும். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து, போகப் போகப் பம்பு செய்யும் திறனே குறையலாம். ஒரே மூச்சில் 30 நொடி பாட வேண்டிய ஆட்டம் இது! மாத்திரை கல்லீரலையும் விடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொட்டினால் விந்தகத்துக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுபோகும்; விந்தகம் சுருங்கும், விந்தணு குறையும். மருந்தை நிறுத்திய பிறகு மீள மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். வளர்ச்சி முடியாத பையன் எடுத்தால் எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் அதோடு நிற்கும்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனில் எந்த நல்ல கார்னரும் இவரிடம் தனியாகப் பாய மாட்டான். திரும்பும்வரை காத்திருந்து, பக்கத்து கவர் தடுப்பாளனோடு சங்கிலியாக வந்து மூடுவார்கள். அதற்குள் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் மாதிரி கேட்டால் கதை முடிந்தது: நாண்ட்ரோலோன் தடயம் உடம்பில் பல மாதம் தங்கும், தெரிந்தே எடுத்ததற்கு 4 ஆண்டுத் தடை. ரைடருக்கு 4 ஆண்டு என்பது பாதி ஆயுள். புள்ளிப் பட்டியலில் இவரைத் தாண்டப்போவது, இன்னும் இடுப்பால் ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு ஒல்லிப் பையன். நான் அவன் பக்கம்.

ஊசியில் இருக்கும் தம்பிகளே, நிறுத்துங்கள். மருத்துவரைக் கலந்துகொண்டு நிறுத்துங்கள். சொந்த ஹார்மோன் திரும்பும்வரை மனச்சோர்வு கடுமையாக அடிக்கலாம், அப்போது தனியாக இருக்காதீர்கள். எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் இதயத்துக்கு ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.