கல்வெட்டு வேலைக்கு இங்க்ஸ்கேப்

இங்க்ஸ்கேப்பில் தமிழ் உடையாது. பல வாரங்களாக அந்த வரைகலை மென்பொருளில் கல்வெட்டுகளும் (இறந்தவருக்காகக் குடும்பத்தார் அச்சிடும் நினைவு மலர்கள்) கோயில் திருவிழா நோட்டீஸ்களும் செய்துவருகிறேன். முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். யுனிகோட்டில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பு முன்னால், அரவு பின்னால், ககரம் நடுவில் என்று தானாகவே அமர்கிறது. இலஸ்ரேற்றரிலும் இதைச் செய்யலாம். ஆனால் பல பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேடிப்பிடித்துத் தெரிவுசெய்த பிறகுதான் எழுத்து ஒழுங்குக்கு வரும். இங்கே அந்தத் தேடல் இல்லை. விலையும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனபோது மாதச் சந்தா மென்பொருள்கள் யாழ்ப்பாணத்துச் சிறிய வடிவமைப்புக் கடைகளுக்கு என்ன பாரமாக இருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 1.2ஆம் பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கலாம் என்பதால் சிறு புத்தகமும் செய்யலாம். மற்ற வசதிகளைத் தேடினால் எங்கும் வாசிக்கலாம்.

நான் எழுத வந்தது வேறு. செய்த வேலை இன்னொருவருடைய கணினிக்குப் போகிறபோது என்ன ஆகிறது?

அச்சகத்துக்கு அனுப்பினால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “தம்பி, எல்லாத்தையும் கேர்வ் பண்ணி அனுப்பும்.” எழுத்துகளை எல்லாம் கோடும் வளைவுமாக மாற்றிவிடு என்று அர்த்தம். கேட்பவரில் பிழை இல்லை. யாழ் குடாநாட்டு அச்சகங்கள் பலவும் வளர்ந்தது கோரல்ட்ரோவிலும், பாமினி என்ற யுனிகோட் அல்லாத எழுத்துருவிலும். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒவ்வொரு துண்டும் தட்டப்படுவதால் எந்தப் பழைய மென்பொருளும் அதைச் சரியாகக் காட்டும். யுனிகோட் அப்படி இல்லை. ‘கொ’வில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து என்றுதான் சேமிக்கப்படும்; அதைப் பிரித்துக் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. கோரல்ட்ரோவுக்கு அந்த வேலை கைவந்தது 2012இல் வந்த எக்ஸ்6 பதிப்பில்தான். அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்பவரிடம் யுனிகோட் கோப்பைக் கொடுத்தால் கொம்பு ஒருபக்கம் போகும், புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். அவர் கேர்வ் கேட்பது அனுபவத்தால்.

பிடிஎஃப்பில் எழுத்துருவை உட்பொதித்து அனுப்பலாமே என்று தோன்றும். நேரே அச்சிட்டால் அது போதும். ஆனால் பக்கங்களை அடுக்க, ஓரத்தை வெட்ட, கடைசி நேரத்தில் திகதி மாற்ற என்று அந்தப் பிடிஎஃப்பைத் திருத்தும் மென்பொருளில் திறந்துவிடுவார்கள். பிடிஎஃப் வைத்திருப்பது எந்த உருவம் எங்கே நிற்கிறது என்ற கணக்கை. திறக்கும் மென்பொருள் அதிலிருந்து சொல்லைத் திரும்பக் கட்ட முயன்று, ‘கோ’வை ஏகாரக் கொம்பு, ககரம், அரவு என்று மூன்று துண்டாக்கிவிடும்.

ஆகவே கேர்வ். அதன் விலை என்னவென்று கல்வெட்டு வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அந்தியேட்டிக்கு, அதாவது இறந்த 31ஆம் நாள் சடங்குக்கு முன் புத்தகம் கைக்கு வந்தாக வேண்டும். பிறப்பிடம், வதிவிடம், பேரப்பிள்ளைகளின் பெயர், வம்சவழி என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, மருமகனின் தலைப்பெழுத்து பிழை என்கிறாள். கேர்வ் ஆன கோப்பில் அந்தப் பெயர் வெறும் வளைவுகள். தட்டித் திருத்த அங்கே எழுத்து கிடையாது. இதைவிடப் பெரிய இழப்பு பிறகு வருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்துவைக்கிறது. ஓர் ஊரின் குடும்ப வரலாறு பல வேளைகளில் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. கணினியிலேயே பிறந்த ஒரு புத்தகத்தில், பாட்டியின் பெயரைத் தேடினால் அகப்படாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் இங்க்ஸ்கேப் என்னைக் கட்டிப்போட்டது. அதன் எஸ்விஜி கோப்பு உண்மையில் வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேட்டில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் அப்படியே வாசிக்கக் கிடைக்கின்றன, தேடலாம், மாற்றலாம். அதைவிட வியப்பு: எழுத்தைப் பாதையாக, அதாவது கேர்வாக, மாற்றிய பிறகும், அந்த வளைவுக் கூட்டத்தின் மேல் மூலச்சொல்லை ‘ஏரியா லேபிள்’ என்ற குறிப்பாக இங்க்ஸ்கேப் எழுதிவைக்கிறது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் பயன்படுத்தும் குறிப்பு அது. அச்சகத்துக்கு வளைவு, தேடுபவருக்குப் பெயர், இரண்டும் ஒரே கோப்பில்! இதைப் பார்த்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இன்னொன்றும் செய்யலாம். பிடிஎஃப்பாகச் சேமிக்கும் பெட்டியில் எழுத்தைப் பாதையாக மாற்றும் தெரிவு உண்டு. அதைத் தொட்டால் வெளியே போகும் பிரதி மட்டும் கேர்வ் ஆகும். வீட்டிலிருக்கும் மூலத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். மகள் தலைப்பெழுத்தைத் திருத்தச் சொன்னால் ஒரு நிமிட வேலை.

குறைகள் இல்லாமல் இல்லை. இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 படப்புள்ளி என்று கணக்கிடுகிறது, இலஸ்ரேற்றர் 72 என்று. அங்கிருந்து வரும் எஸ்விஜியில் 4 அங்குல இலச்சினை இங்கே 3 அங்குலமாக நிற்கும். திரையில் தெரியாது, ஸ்ரிக்கர் வெட்டும்போது தெரியும். நிறம் இன்னும் கரைச்சல். இங்க்ஸ்கேப் வேலைசெய்வது திரையின் மூன்று நிறங்களில். அதன் கறுப்பை அச்சுக்கு மாற்றும்போது நான்கு மையிலும் பிரிந்துவிடுவதுண்டு. பிளேட் மயிரிழை விலகினாலும் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் மங்கிப்போகும்; உட்பக்கங்களை ஒற்றைக் கறுப்பில் அடிக்க நினைத்தவருக்குச் செலவும் ஏறும். இதற்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குப் போக வேண்டும். 2024இல் வந்த அதன் 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கிறது, கறுப்பைக் கறுப்பு மையில் மட்டும் வைக்கிறது. இரண்டு மென்பொருள் பழக வேண்டியிருப்பது சுமைதான். ஆனாலும் பெயர்கள் நிறைந்த எந்த வேலைக்கும் நான் இப்போது இங்க்ஸ்கேப்பைத்தான் திறக்கிறேன். குடும்பத்தாரிடம் அச்சுக்கான பிடிஎஃப்போடு எஸ்விஜியையும் பயன்படுத்திய எழுத்துருவையும் சேர்த்தே கொடுக்கிறேன்.

இங்க்ஸ்கேப்பை உருவாக்கும் தன்னார்வலர்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்விஜியில் அவர்கள் பத்திரப்படுத்தும் மூலச்சொல், கேர்வ் ஆன பிடிஎஃப்புக்குள் போவதில்லை. என்னிடம் உள்ள பதிப்பில் அப்படித்தான். ஓர் உருவத்தின் அடியில் அதன் உண்மையான சொல்லை எழுதிவைக்கப் பிடிஎஃப் தரத்திலேயே ‘அக்சுவல் டெக்ஸ்ட்’ என்ற இடம் இருக்கிறது. ஏரியா லேபிளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால், பழைய கோரல்ட்ரோ வைத்திருக்கும் அச்சகத்துக்கு நான் அனுப்பும் அதே பிடிஎஃப்பை நூலகத்துக்கும் கொடுத்துவிடலாம்.