சத்திரம், கொடை, கடன்

எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துப் பராமரிக்க இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வாசகம் சொல்லப்பட்டது. மனு போட்டவர் இலங்கைத் தமிழர். சிறைத் தண்டனையை முடித்தவர், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்றவர். அந்த வழக்கின் நியாய அநியாயங்களுக்குள் நான் போகவில்லை. என் அக்கறை அந்த உருவகத்தின் மீது. ஓர் உருவகம் நீதிமன்றத்தில் இவ்வளவு சுலபமாக வந்து விழுகிறதென்றால், அது ஏற்கெனவே எல்லார் வாயிலும் புழங்குகிறது என்று அர்த்தம். டீக்கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள்: 'நமக்கே இங்க வழியில்ல, இவங்களுக்கு எத்தன நாளைக்குச் சோறு போடறது?'

மதுரையில் இருக்கிறவனுக்குச் சத்திரம் வெறும் உருவகம் அல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. வழிப்போக்கனுக்கு இடமும் சோறும் கொடுப்பது அரசிக்குப் புண்ணியம், அவனுக்கு உதவி. நல்ல காரியம்தான். ஆனால் சத்திரம் என்ற அமைப்பின் விதிகளைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவர் கொடுப்பவராகவே இருப்பார், வாங்குபவர் வாங்குபவராகவே இருப்பார். பல சத்திரங்களில் பந்தியே சாதிவாரியாகத்தான் நடந்தது. தங்கினவன் கிளம்பியாக வேண்டும். விருந்தும் மருந்தும் மூணு நாள். ஆக, 'நாங்கள் சத்திரம் அல்ல' என்கிற கூற்று ஒரே மூச்சில் இரண்டு காரியம் செய்கிறது. அகதி கேட்டது தர்மம் என்று முதலில் ஆக்கிவிடுகிறது. பிறகு, தர்மம் செய்வதும் செய்யாததும் எங்கள் இஷ்டம் என்கிறது. அவர் கேட்டது தர்மம்தானா என்ற கேள்வி இதற்கிடையில் காணாமல் போய்விடுகிறது.

பணக்கார நாடுகளின் சொல்லாடலும் இதேதான். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு கிளம்பிய படகை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்தது. ஏறக்குறைய ஒரு மாதம் அவர்களைத் தன் கப்பலிலேயே அடைத்து வைத்தது. இந்தியாவுக்குத் திருப்பப் பார்த்து, முடியாமல் போகவே நவுரு தீவுக்கு அனுப்பியது. அப்படி அடைத்து வைத்தது சட்டப்படி சரிதான் என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 2015 ஜனவரியில் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையை ஏற்ற நாடு அது. இந்தியா அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. கையெழுத்துப் போட்டவனும் போடாதவனும் ஒரே பாஷை பேசுகிறான். அந்நியரை வரவேற்பது இரக்கத்தைச் சேர்ந்த விஷயம் அல்ல, உரிமையைச் சேர்ந்தது என்று காண்ட் 1795லேயே எழுதினார். அவரும் வந்து பார்த்துப் போகும் உரிமையைத்தான் கொடுத்தார், தங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. தெரிதா பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.

ஆஸ்திரேலியாவைத் திட்டுவது நமக்குச் சுலபம். அந்தப் படகில் இருந்தவர்களில் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்களும் உண்டு என்பதுதான் சங்கடம். தொப்புள்கொடி உறவு என்று நாம் மேடை போட்டுப் பேசிய மண்ணிலிருந்து உயிரைப் பணயம் வைத்து ஏன் கிளம்பினார்கள்?

விடையை அரசாங்கத்தின் பிரதிகளிலேயே வாசிக்கலாம். முகாம்வாசிகளுக்கு மாதாமாதம் தரும் தொகைக்கு அலுவலகப் பெயர் 'பணக்கொடை'. 2021இல் அது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ஆகவும், பிள்ளைகளுக்கு 500 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவிப்பு வந்தது. இதையெல்லாம் நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. ஒழுகும் கூரைக்குப் பதிலாகக் கான்கிரீட் கூரை என்பது பெரிய விஷயம். ஆனாலும் அது கொடைதான். கொடை என்றால் வள்ளல் ஒருவர் வேண்டும், இரவலர் ஒருவர் வேண்டும். 'பாரி, ஓரி' என்று படித்து வளர்ந்த நம் தமிழ்ப் புலமைக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போகிறது.

கொடையோடு கண்காணிப்பும் சேர்ந்து வரும். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மதுரையைச் சுற்றியே மூன்று முகாம்கள் இருக்கின்றன. தணிக்கை நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெயர் கேள்விக்குறியாகும். 2016 மார்ச்சில் உச்சப்பட்டியில், தணிக்கையின்போது பிள்ளை இல்லாததற்காக வருவாய்த் துறை ஊழியரோடு நேர்ந்த வாக்குவாதத்துக்குப் பின் ஒரு தகப்பன் மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். பிள்ளை அப்போது ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் செய்தி. வீட்டில் இல்லாமல் இருப்பது நமக்கு ஒரு சாதாரண விஷயம். அவருக்கு அது குற்றம். குடிமகனுக்கும் விருந்தாளிக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான், இவ்வளவு தூரம்.

இலக்கியக்காரர்களான நாமும் இதில் பங்காளிகள். பாரிசிலும் டொராண்டோவிலும் இருந்து எழுதினால் அது 'புலம்பெயர் இலக்கியம்'. சிறப்பிதழ் போடுகிறோம், கருத்தரங்கு நடத்துகிறோம். முப்பது மைல் தள்ளி முகாமில் இருப்பவர் வெறும் 'அகதி'. அகதி என்றால் கதியற்றவர் என்று பொருள். அந்தச் சொல்லுக்குள்ளேயே பேச்சற்ற ஒரு தன்னிலை கட்டமைக்கப்பட்டிருக்கிறது. தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' 2007இல் வந்தது. முகாமின் உள்ளிருந்து ஒருவர் எழுதிய நூல். புலம்பெயர் எழுத்தைப் பற்றி நாம் நிரப்பிய பக்கங்களோடு, அந்த நூலுக்கு ஒதுக்கிய பக்கங்களை எண்ணிப் பார்த்தால் போதும்.

மணிமேகலையில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று ஒரு காதை உண்டு. அமுதசுரபியோடு சிறைக்குள் போய்ச் சோறிட்ட பெண், என்ன வேண்டும் என்று கேட்ட அரசனிடம் சிறையையே அறச்சாலை ஆக்கும்படி கேட்கிறாள். அந்தப் பாத்திரம் அவளுக்குக் கிடைத்தது மணிபல்லவத்தில். அதை நயினாதீவு என்று அடையாளம் காட்டும் அறிஞர்கள் உண்டு. எம்.ஏ. வகுப்பில் இதைப் பெருமையாகப் பாடம் நடத்துவார்கள். திருச்சியில் மத்தியச் சிறை வளாகத்திலேயே 'சிறப்பு முகாம்' நடத்துவது அந்தக் காதையைத் தலைகீழாக வாசிப்பது. ஆனால் என் கேள்வி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது: சிறை அறக்கோட்டம் ஆனாலும் போதுமா?

போதாது என்பதற்கு வரலாறு இருக்கிறது. மண்டபம் முகாமைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நிறுத்தி நோய்ச் சோதனை செய்த இடம் அது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி வட்டாரத்து ஏழைகள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், அப்படிப் போய்த்தான் மலையைத் தேயிலையாக்கினார்கள். 1948இல் இலங்கை அவர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும், 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1983க்குப் பிறகு வந்த அகதிகளில் இவர்களின் சந்ததியும் உண்டு. இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபத்தில் அந்நியராகப் பதிவானார்கள். போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்ததும், 1987இல் படை அனுப்பியதும் இந்தியாதான். இப்படிச் சம்பந்தப்பட்ட ஒரு அரசு சோறு போட்டால் அதற்குப் பெயர் கொடை இல்லை, கடன்.

கடனைச் சட்டம் எப்படித் தீர்த்திருக்கிறது? 2019 குடியுரிமைத் திருத்தம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்சி முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. அண்ணன் இந்தியன், தம்பி அந்நியன். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்குக் கொடுத்தார்கள். விலக்கு என்பதும் கொடையின் தம்பிதான்.

'இவங்களுக்கு இங்க குடியுரிமை குடுத்தா அங்க தமிழர் எண்ணிக்கை குறையும்' என்று தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் அல்ல. ஆனால் அந்த அரசியலின் சுமையை ஆனையூரில் பிறந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் தலையில் ஏன் வைக்க வேண்டும்? போக விரும்புகிறவர் போகட்டும், நிலமும் பாதுகாப்பும் அங்கே கிடைக்கும்படி இந்தியா பேசட்டும். இருக்க விரும்புகிறவர் குடிமகனாக இருக்கட்டும். 1964இல் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போதாவது அவர்களிடமே கேட்க வேண்டும்.

உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை என்று ஹன்னா ஆரென்ட் 1951இல் சொன்னது இதைத்தான். இந்தியா சத்திரம் அல்ல என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சத்திரத்தில் யாரும் நாற்பது வருஷம் தங்குவதில்லை, பிள்ளை பெற்றுப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, கொத்தனார் வேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் போய் இந்த ஊரைக் கட்டுவதில்லை. அவர்கள் அதையெல்லாம் செய்துவிட்டார்கள்.