சுண்ணக்கட்டியின் வேகம்

சினிமாக் கருவிகளை உருவாக்கியவர்களுள் ஒருவரான தாமஸ் எடிசன், இனிப் பள்ளிகளில் புத்தகங்களுக்கு வேலை இராது, பத்தே வருஷங்களில் கல்விமுறை அடியோடு மாறிவிடும் என்று 1913-ஆம் ஆண்டில் ஆரூடம் சொன்னார். நூறாண்டு கடந்தும் புத்தகம் போகவில்லை. அப்படி ஆரூடம் சொல்லும் வழக்கமும் போகவில்லை. ஆகையால், வகுப்பறைக்குள் ஒரு புதிய சாதனம் நுழையும்போது அது உபாத்தியாயரை ஒழித்துவிடுமோ என்று அஞ்சுவதை விட்டு, எந்தப் பாடத்தில், எந்த நிமிஷத்தில் அது பிரயோஜனப்படும் என்று விசாரிப்பதே விவேகமாகும்.

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பக்கங்களில் கியூஆர் குறியீடுகளும், கணித நூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதியும் இடம்பெற்றன. அச்செயல்பாடுகள் பலவற்றுக்கு ஆதாரம் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதை விளக்கும் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு முக்கோணம், மிஞ்சினால் மூன்று வரைவார். ‘இதற்குச் சரி, மற்ற முக்கோணங்களுக்கு?’ என்ற சந்தேகம் எழுந்த பையன் அதை விழுங்கிவிட்டுச் சூத்திரத்தை நெட்டுருப் போடுவான். திரையிலோ, அவனே ஓர் உச்சியைப் பிடித்திழுத்து, முக்கோணத்தைக் குறுக்கியும் நீட்டியும் ஊசிபோல் மெலியச் செய்தும் பார்க்க, கோணங்கள் ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருக்க, கூட்டுத்தொகை மட்டும் அசையாமல் நிற்பதைப் பிரத்தியட்சமாகக் காண்கிறான். இது நிரூபணம் ஆகாது என்று கணிதம் அறிந்தவர்கள் ஆட்சேபிப்பார்கள். உண்மைதான், ஆயினும், ஏன் அசையவில்லை என்ற கேள்வி அவனுக்குள் பிறப்பது அப்போதுதான்.

இதே திரை இருதயப் பாடத்துக்கு வரும்போது கதை வேறாகிறது. சிவப்பும் நீலமுமாக இரத்தம் பாய்ந்தோடும் மூன்று நிமிஷப் படம் முடிந்ததும், ‘புரிந்ததா?’ என்றால் வகுப்பே ஒரே குரலில் ‘புரிந்தது’ என்கிறது. மறுநாள் அந்த இருதயத்தை வரையச் சொன்னால் பென்சில்கள் தாளின்மேல் திகைத்து நிற்கின்றன. கண்ணுக்குத் தெளிவாக இருந்ததைக் கருத்துக்கும் தெளிவானதாகப் பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள். பழைய ஆசிரியர் சுண்ணக்கட்டியால் வலது மேலறையை வரைந்து, நின்று, கீழறையை வரைந்து, கோடு கோணினால் அழித்து மீண்டும் வரைந்து நுரையீரலுக்குப் போய்ச் சேருவதற்குள், மாணாக்கனும் தன் நோட்டில் கூடவே வரைந்துகொண்டு வருவான். அந்தத் தாமதத்தைக் குறையென்று கருதித்தான் நாம் திரையை வாங்கினோம். ஆனால் கற்றல் நிகழ்ந்ததெல்லாம் அந்தத் தாமதத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். சுண்ணத்தூளில் வளர்ந்தவனின் பட்சபாதம் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

கருவியைக் கையில் கொடுத்தாலே கல்வி வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பெரு தேசம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. 319 பள்ளிகளில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்கு ஆதாரம் காணவில்லை. நம் பாடநூலின் குறியீட்டுக்கோ வேறொரு சங்கடம் உண்டு. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி காலையில் தகப்பனாருடன் வேலைக்குப் போய்விட்டால், அந்தக் கறுப்புக் கட்டங்கள் பிள்ளைக்கு வெறும் கோலம். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, மறு வருஷம் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது இணையம் எட்டாத வீடுகளையும் எட்டியது. பழைய சாதனமானாலும் அதன் கை நீளம்.

ஆயினும் இருதயப் படத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வலது கீழறை சுருங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, திரையை அணைத்து, ‘இரத்தம் இனி எங்கே போகும்? வரைந்து காட்டுங்கள்’ என்று கேட்டுவிட்டு, பெஞ்சு பெஞ்சாக நடந்து நோட்டுகளை எட்டிப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். அவர் கையில் அந்த மூன்று நிமிஷப் படம் ஒரு பீரியட் முழுவதும் ஓடும். மணி அடிக்கும்போது இடது மேலறை இன்னும் பாக்கியிருக்கும்.