ஏச்சுக்கும் இலக்கணம் உண்டு

நம்ம தோட்டப்புறக் கதைகளில் 'கங்காணி கண்டபடி ஏசினார்' என்கிற மாதிரி வாக்கியங்களை அடிக்கடி பார்க்கிறேன். என்ன சொல்லி ஏசினார் என்று கதை சொல்லாது. கேட்டால் 'இடக்கரடக்கல்' என்று நன்னூலைக் காட்டுவார்கள். ஆனால் இடக்கரடக்கல் என்பது சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது, 'கால் கழுவி வந்தான்' என்பதுபோல. சொல்லாமலே விட்டுவிடுவது அல்ல.

ஏச்சில் நல்ல இலக்கணம் இருக்கிறது. 'நாய்' வெறும் பெயர்ச்சொல். எட்டாம் வேற்றுமையான விளி ஏறி 'நாயே' ஆனதும்தான் அது ஏச்சு. 'நாசமாப் போக' என்பது வியங்கோள். 'வாழ்க' என்பதில் இருக்கும் அதே 'க'. வாழ்த்தலையும் வைதலையும் இலக்கணம் ஒரே வினைமுற்றில்தான் வைத்திருக்கிறது. அன்றாடப் பேச்சில் வியங்கோள் ஏறக்குறைய செத்துப்போச்சு. சாபத்தில் இன்னும் மூச்சு விடுகிறது.

வியப்புச் சொல் வேறு ரகம். உம்பாய் இக்கான் பாக்கார் கடையில் தட்டு கைதவறினால் 'ஐயோ' என்பது தமிழர் மட்டுமல்ல. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் அதைச் சேர்த்துக்கொண்டது. ஐயோவுக்கு எதிரே ஆள் வேண்டாம். ஏச்சுக்கு ஆள் வேண்டும். அங்கேதான் அதிகாரம் உள்ளே வருகிறது.

பெரட்டில் நிற்பவரைக் கங்காணி முன்னிலையில் ஏசலாம்: 'டேய்', 'நாயே'. வாங்கிக்கொண்டவர் 'சரிங்கையா' என்பார். அவருடைய பதில், வீட்டுக்குத் திரும்பிய பிறகு, படர்க்கையில் வரும்: 'கட்டையில போறவன்.' மேலிருந்து கீழே வந்தால் விளி. கீழிருந்து மேலே போனால் படர்க்கை. அந்தப் படர்க்கை ஒருநாள் நேருக்கு நேர் 'டேய்' ஆகிற இடத்தில்தான் கதையே தொடங்குகிறது. 'கண்டபடி ஏசினார்' என்று எழுதிப் பழகியவருக்கு அந்த 'டேய்' வரும்போது அதன் கனம் தெரியாது. அதற்கு முன்னால் எத்தனை 'சரிங்கையா' என்று அவர் எண்ணி வைக்கவில்லையே.

நம் ஏச்சுகளில் பல, ஏசப்படுபவரின் தாய் மேலும் சாதி மேலும் போய் விழுகின்றன. எழுதச் சொல்வது அதைக் கொண்டாட அல்ல. யார் வாயிலிருந்து வந்தது, யார் மேல் விழுந்தது என்பதை நாகரிகம் கருதி மறைத்தால், மானம் காப்பாற்றப்படுவது ஏசியவனுக்குத்தான். ஏச்சு வாங்கியவருக்கு அல்ல.